ககரம் ஒன்றா, பலவா? பாடும் மென்பொருளும் ஒலியின் ஒருமையும்

பாடும் மென்பொருளுக்கான குரல்வங்கி என்பது ஒரு மனிதக் குரலிலிருந்து எடுத்த சிறு ஒலித்துண்டுகளின் தொகுப்பு. இசையமைப்பவர் பாட்டின் எழுத்துகளையும் சுரங்களையும் கணினியில் இடுகிறார். மென்பொருள் அவற்றுக்குரிய துண்டுகளைத் தேடியெடுத்து, சுருதியை ஏற்றி இறக்கி, அளவை நீட்டிக் குறுக்கி, ஒன்றோடொன்று இணைத்துப் பாட வைக்கிறது. யமஹா நிறுவனம் 2003இல் அறிவித்த வோக்கலாய்டு இந்த முறையைப் பரவலாக்கியது. 2007 ஆகஸ்ட் 31இல் வெளிவந்த ஹட்சுனே மிக்கு என்ற குரல், நடிகை சாகி ஃபுஜிதா பதிந்து தந்த துண்டுகளால் ஆனது. 2008இல் ஜப்பானில் வெளிவந்த உட்டாவு என்ற மென்பொருள், யார் வேண்டுமானாலும் தம் குரலை வீட்டிலேயே பதிந்து வங்கியாக்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது.

இப்படிப் பதிபவர்களுக்கு முதல் விதி, எல்லாத் துண்டுகளும் ஒரே குரலாக ஒலிக்க வேண்டும் என்பதுதான். இன்று பதிந்த ‘க’வும் மறுவாரம் பதிந்த ‘மி’யும் ஒரே மூச்சில் பிறந்தவைபோல் ஒட்ட வேண்டும். பார்வைக்கு இது தொழில்நுட்ப விதி. ஆனால் அதற்குள் மூன்று தத்துவக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. இரண்டு முறை ஒலித்த ஓர் எழுத்து ஒரே எழுத்தா, இரண்டா? துண்டுகளைச் சேர்த்தால் முழுமை கிடைக்குமா? ஒருவர் குரலில் இன்னொருவர் பாட்டு எழும்போது பாடுவது யார்?

இந்தியத் தத்துவ மரபு இக்கேள்விகளை நெடுங்காலம் விவாதித்திருக்கிறது. வேதம் என்றுமுள்ளதா என்ற சமய வழக்கின் அடித்தளமே ஒலியின் ஒருமை பற்றிய வாதம்தான். வேத விளக்க மரபினரான மீமாம்சகர், தருக்க மரபினரான நையாயிகர், பௌத்தர், சமணர், இலக்கணிகள் என ஒவ்வொரு தரப்பும் இதில் ஒரு நிலை எடுத்தது. குரல்வங்கிப் பதிவு அந்த நிலைகளை நடைமுறையில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பைத் தருகிறது. சோதனையின் முடிவு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: ஒலியின் ஒருமை ஒலிக்குள் தானாகக் கிடப்பதன்று; ஒலிப்பவரின் ஒழுக்கத்தால் ஆக்கப்பட்டு, கேட்பவரின் அறிவால் நிறைவு பெறுவது.

ஆறு கட்டுப்பாடுகள்

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி, ஒலிப்பைக் கற்பவர் அறிய வேண்டியவற்றை ஆறாக வகுக்கிறது: வர்ணம், சுவரம், மாத்திரை, பலம், சாமம், சந்தானம். எழுத்து, அதன் ஏற்ற இறக்கம், கால அளவு, அழுத்தம், சமநிலை, தொடர்ச்சி என்று இவற்றைக் கொள்ளலாம். குரல்வங்கி பதிபவர் கட்டுப்படுத்த வேண்டியவையும் இந்த ஆறே.

வர்ணத்தில் தொடங்கினால், முதலில் தேவை ஒலிப்பட்டியல். ஒரு மொழியின் பாட்டில் வரக்கூடிய எல்லா ஒலிகளும் ஒலிச்சேர்க்கைகளும் பட்டியலில் இருக்க வேண்டும். வோக்கலாய்டு முறையில் ஜப்பானிய மொழிக்கு ஒரு சுருதிக்குச் சுமார் 500 இரட்டை ஒலிச்சேர்க்கைகள் போதும். ஆங்கிலத்துக்குச் சுமார் 2,500 வேண்டும். ஜப்பானியத்தில் உயிர்கள் ஐந்தே. மெய்யை அடுத்துப் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஆங்கிலத்தில் உயிரொலிகளும் மெய்ம்மயக்கங்களும் மிகுதி.

சுவரத்தைப் பொறுத்தவரை, பதிபவர் காதில் ஒரே சுருதியைக் கேட்டுக்கொண்டு எல்லா ஒலிகளையும் அதே சுருதியில் நிறுத்துகிறார். பிறகு மென்பொருள் அதை வேறு சுரங்களுக்கு நகர்த்தும். நகரும் தொலைவு கூடக்கூடக் குரலின் இயல்பு கெடும். ஆகவே ஒரே பட்டியலைத் தாழ்ந்த, இடைப்பட்ட, உயர்ந்த சுருதிகளில் மீண்டும் மீண்டும் பதிவதுண்டு.

மாத்திரைக்கு வழிகாட்டுவது தாள ஒலி. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை எனத் தொல்காப்பியம் வகுத்து, கண்ணிமைப்பையும் விரல் நொடிப்பையும் அளவுகோலாக வைத்தது. குரல்வங்கியில் ஒவ்வோர் அசையும் ஒரு தட்டில் விழ வேண்டும். பதிவு முடிந்தபின் உட்டாவில் ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து அளவுகள் குறிக்கப்படுகின்றன: துண்டு தொடங்கும் இடம், நீட்டக்கூடாத மெய்ப்பகுதி, வெட்டும் இடம், தாளம் விழும் இடம், முந்தைய துண்டோடு மேற்படியும் அளவு. தாளம் விழுவது உயிரொலியின் தொடக்கத்தில். மெய்யொலி அதற்குச் சற்று முன்பே எழுந்துவிடுகிறது. மெய்யின் கால அளவைச் சரியாகக் குறிக்காத வங்கியில் பாட்டு முழுவதும் தாளத்துக்குப் பின்தங்கி ஒலிக்கும்.

பலம் என்பது வாய்க்கும் மைக்குக்கும் இடையிலான தூரத்தையும் மூச்சின் விசையையும் பொறுத்தது. தலை சற்றே திரும்பினாலும் ஒலியின் கனம் மாறும். ‘ப’ போன்ற வல்லொலிகளின் காற்று மைக்கில் மோதாதபடி இடையில் தடுப்பு வைக்கப்படுகிறது. மின்விசிறி நிறுத்தப்படுகிறது, அறையும் மைக்கும் மாற்றப்படுவதில்லை.

ஐந்தாவதான சாமமே மிகக் கடினம். விழித்தவுடன் குரல் தடித்திருக்கும். நெடுநேரம் ஒலித்தால் களைக்கும். சளியும் தாகமும் அதன் நிறத்தை மாற்றும். பதிபவர் நாளின் ஒரே வேளையில் அமர்கிறார், இடையிடையே ஓய்வெடுக்கிறார், முந்தைய பதிவைக் கேட்டு அதற்குத் தம்மைப் பொருத்திக்கொள்கிறார். அதோடு குரலின் அசைவை நிறுத்தி, உணர்ச்சியையும் அடக்குகிறார். கமகம் கூடாது, நடுக்கம் கூடாது, சொல்லின் பொருளுக்கேற்ற குழைவு கூடாது. பாட்டுக்காகவே பதியும் குரல், பதியும் நேரத்தில் பாட்டை விலக்கி நிற்கிறது. அங்கே சமநிலை ஒரு துறவுப் பயிற்சியின் தன்மையைப் பெறுகிறது.

ஒன்றா, பலவா

இவ்வளவு முயன்று பதிந்த இரண்டு ‘க’க்கள் ஒன்றாகுமா? மீமாம்சகர் ஆம் என்பர். அவர்களின் மூலநூலான ஜைமினியின் சூத்திரங்களுக்கு உரை எழுதிய சபரர் உலக வழக்கைச் சான்றாகக் காட்டுகிறார். ஒரு சொல்லை எட்டு முறை ஒலித்தால், அந்தச் சொல் எட்டுத் தடவை சொல்லப்பட்டது என்றே மக்கள் கூறுவர். எட்டுச் சொற்கள் சொல்லப்பட்டன என்று கூறமாட்டார்கள். ‘அதே ககரம்’ என்று மீண்டும் இனங்காணும் அறிவு, பிரத்யபிஞ்ஞை, பொய்யன்று. எழுத்து என்றுமுள்ளது, வாயிலிருந்து எழும் காற்று அதை வெளிப்படுத்த மட்டுமே செய்கிறது. உரப்பு, மென்மை, விரைவு, தயக்கம் ஆகிய வேறுபாடுகள் எல்லாம் வெளிப்படுத்தும் ஒலிக்கு உரியவை. எழுத்துக்கு உரியவை அல்ல. ஏழாம் நூற்றாண்டில் மீமாம்சகரான குமாரிலர் தம் சுலோகவார்த்திகத்தில் இந்த வாதத்தை விரிவாக நிறுவினார். இதில் பெரிய பொருள் அடங்கியிருந்தது. எழுத்து பிறந்து அழிவதானால், எழுத்துகளாலான வேதமும் யாரோ ஒருவரால் ஆக்கப்பட்டதாகிவிடும்.

நையாயிகர் இதை மறுத்தனர். ஒலி ஆகாயத்தின் குணம். முயற்சியால் தோன்றி, சில கணங்களில் மறைவது. ஒவ்வொரு முறையும் எழுவது புதிய ககரம். ‘அதே’ என்ற உணர்வு, பல ககரங்களுக்கும் பொதுவான ‘கத்துவம்’ என்ற சாதியால், அதாவது இனப்பொதுமையால் வருகிறது. இந்த நிலையில் வேதத்தின் அதிகாரம் ஒலியின் நித்தியத்தில் இல்லை. அதை அருளிய இறைவனின் நம்பகத்தன்மையில் இருக்கிறது.

ஒலிப்பதிவு இந்த வழக்கில் இரு தரப்புக்கும் சாட்சி சொல்கிறது. விநாடிக்கு 44,100 அளவுகளாகப் பதிவாகும் இரண்டு ககரங்களை அலைவடிவில் ஒப்பிட்டால் அவை ஒருபோதும் முற்றாகப் பொருந்துவதில்லை. எந்த ககரத்தை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று தெரிவு செய்யும் வேலையே நையாயிகரின் பக்கம் நிற்கிறது; ககரம் ஒன்றே என்றால் தெரிவுக்கு இடமில்லை. ஆனால் பாட்டைக் கேட்பவர் மீமாம்சகரின் பக்கம் நிற்கிறார். அவருக்கு அலைவடிவம் தெரியாது. ககரம் மட்டுமே தெரியும்.

தமிழ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ‘கடல்’, ‘பக்கம்’, ‘பங்கு’, ‘அகம்’ ஆகிய நான்கிலும் எழுதப்படுவது ஒரே ககரம். ஒலிப்பவையோ வேறு வேறு. சொல் முதலில் அடைத்துத் திறக்கும் வல்லொலி, இரட்டித்த இடத்தில் நீண்ட அடைப்பு, மெல்லினத்தை அடுத்து அதிரும் ஒலி, இரு உயிர்களுக்கு இடையே தளர்ந்த ஒலி. தமிழுக்கு வங்கி அமைப்பவர் ஓர் எழுத்துக்கு இவை அனைத்தையும் தனித்தனியே பதிந்தாக வேண்டும். தமிழ் பேசுபவரோ தாம் நான்கு ஒலிகளை எழுப்புவதை உணர்வதே இல்லை. அறிவில் ஒன்றாயிருப்பது ஒலியில் பலவாயிருக்கிறது.

கோப்பில் சேமிக்கப்பட்டது என்ன என்பதும் வழக்கின் ஒரு பகுதியாகிறது. நையாயிகர் கொள்கைப்படி கோப்பில் ஒலி இல்லை. அங்கிருப்பவை எண்கள், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் புதிய ஒலி பிறக்கிறது. சமணர் ஒலியைப் பருப்பொருளான புத்கலத்தின் மாற்றமாகக் கொண்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய சமணரான பவணந்தி முனிவர், அணுத்திரளிலிருந்து எழும் ஒலியையே எழுத்தாக வரையறுத்தார். ஒலி பருப்பொருள் என்றால் அது எதிலாவது சுவடு பதித்துச் செல்லும் என்பதில் வியப்பில்லை. மைக்கின் சவ்வை அசைப்பதும் காற்றுத் துகள்களின் இயக்கமே.

பௌத்தர் மூன்றாவது வழியில் சென்றனர். கணத்துக்குக் கணம் எல்லாம் மாறும்போது, முந்தையதும் பிந்தையதும் முற்றிலும் ஒன்றும் அல்ல, முற்றிலும் வேறும் அல்ல. இரவின் முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றா என்று ‘மிலிந்தனின் வினாக்கள்’ என்ற பௌத்த நூலில் துறவி நாகசேனர் கேட்டு விளக்குவது இதையே. காரண காரியத் தொடர் அறாமல் இருப்பதே ஒருமை. குரல்வங்கிக்கு இவ்விளக்கம் நெருக்கமாகப் பொருந்துகிறது. இரண்டு நாட்களில் பதிந்த துண்டுகளை ஒரே குரலாக்குவது நிலையான ஏதோ ஒரு பொருளன்று. அதே தொண்டை, அதே பயிற்சி, அதே அறை, முந்தைய பதிவைக் கேட்டுத் திருத்திக்கொண்ட கவனம் ஆகிய காரணங்களின் தொடர்ச்சி. தொடர் அறுந்தால் அதே மனிதரின் குரலும் வேறு குரலாகி, இணைப்பில் பிசிறு தட்டும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் மீமாம்சகர் கேட்பவரின் அனுபவத்தையும், நையாயிகர் பதிவின் உண்மையையும், பௌத்தர் இவ்விரண்டையும் இணைக்கும் உழைப்பையும் சரியாகச் சொல்லியிருக்கின்றனர் என்பது புலப்படும்.

துண்டும் முழுமையும்

சந்தானம் என்ற ஆறாவது கட்டுப்பாடு இரண்டாம் கேள்விக்கு இட்டுச் செல்கிறது. தொடக்கத்தில் உட்டாவு வங்கிகள் தனி அசைகளாகப் பதியப்பட்டன. அவற்றை ஒட்டினால் ஒவ்வோர் அசையும் தனித்து நின்று, பாட்டு வெட்டு வெட்டாக ஒலித்தது. காரணம் எளிது. பேசும் வாய் ஓர் ஒலியை முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவதில்லை. ஒன்றை ஒலிக்கும்போதே அடுத்ததற்கு வடிவம் எடுக்கிறது. அந்த நகர்வு எந்தத் தனி அசையிலும் இல்லை.

தீர்வாக வந்தது தொடரொலிப் பதிவு. ஜப்பானியப் பட்டியலில் ‘க க கி க கு கெ க’ என ஏழு அசைகளை ஒரே மூச்சில் ஒலிப்பர். இதிலிருந்து மௌனத்துக்குப் பின் ‘க’, அகரத்துக்குப் பின் ‘க’, அகரத்துக்குப் பின் ‘கி’, இகரத்துக்குப் பின் ‘க’, அகரத்துக்குப் பின் ‘கு’, உகரத்துக்குப் பின் ‘கெ’, எகரத்துக்குப் பின் ‘க’ என ஏழு நகர்வுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு துண்டின் தலையிலும் முந்தைய உயிரின் வால் ஒட்டியிருப்பதால் இணைப்பு வழுக்கிச் செல்கிறது.

வேதம் ஓதும் மரபு இதே சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே சந்தித்து, இதே அமைப்பில் தீர்த்துக்கொண்டது. சந்தியோடு இணைந்து ஓடும் ஓதல் சம்ஹிதை. சொற்களைத் தனித்தனியே பிரித்து ஓதுவது பதபாடம். ரிக் வேதத்தின் பதபாடம் சாகல்யருடையது என்பது மரபு. இரண்டுக்கும் நடுவே நிற்பது கிரமபாடம்: முதற்சொல்லும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் நான்காவதும் என இரண்டிரண்டாகக் கோத்து ஓதுவது. ஒவ்வொரு சொல்லும் ஒரு முறை பின்தொடர்ந்தும் ஒரு முறை முன்நின்றும் வருவதால் சொற்களின் வடிவமும் பாதுகாக்கப்படுகிறது, அவை சேரும் இடத்தின் மாற்றமும் பாதுகாக்கப்படுகிறது. கனபாடம் இதை இன்னும் முறுக்கி, ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று என்று செல்கிறது. தனி அசைப் பதிவு பதபாடத்தின் தருக்கத்தையும், தொடரொலிப் பதிவு கிரமபாடத்தின் தருக்கத்தையும் உடையது. அலகு மட்டுமே வேறு: அங்கே சொல், இங்கே ஒலி. பாதுகாக்க வேண்டியது துண்டு மட்டுமன்று, துண்டுக்கும் துண்டுக்கும் இடையிலான உறவும் என்பதை இரு முறைகளும் அறிந்திருந்தன.

உறவையும் பதிந்துவிட்டால் முழுமை வந்துவிடுமா? சபரர், முந்தைய ஆசிரியரான உபவர்ஷரை மேற்கோள் காட்டி, சொல் என்பது அதன் எழுத்துகளே என்கிறார். முன்னெழுத்துகள் மனத்தில் விட்டுச்சென்ற பதிவுகளோடு கடைசி எழுத்து சேர்ந்து பொருளைத் தருகிறது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் இலக்கணி பர்த்ருஹரி வாக்கியபதீயத்தில் இதை ஏற்கவில்லை. பொருளைத் தருவது பிரிக்கவியலாத முழுமையான ஸ்போடம். எழுத்துகள் என்பவை அந்த முழுமையிலிருந்து ஆய்வுக்காக நாம் பிரித்தெடுத்தவை; அவற்றைக் கூட்டி முழுமை ஆக்கப்படவில்லை. அவர் ஒலியையும் இரண்டாகப் பகுத்தார். சொல்லை அந்தச் சொல்லாக அடையாளம் காட்டும் இயல்பொலி ஒன்று. விரைவு, நிதானம் எனப் பேசுபவருக்குப் பேசுபவர் வேறுபடும் திரிபொலி மற்றொன்று. குறிலை நான்கு தட்டுகளுக்கு நீட்டிப் பாடினாலும் கேட்பவர் சொல்லைத் தவறவிடாமல் பிடிப்பது, அவர் எழுத்தெழுத்தாக அன்றி முழுமையாக அறிவதால்தான்.

மென்பொருளின் வளர்ச்சியும் துண்டிலிருந்து முழுமையை நோக்கியே சென்றிருக்கிறது. வோக்கலாய்டும் உட்டாவும் துண்டுகளைச் சேர்த்தன. நரம்பு வலைப்பின்னல்களைப் பயன்படுத்தும் புதிய முறைகள் முழுப் பாடல்களைக் கேட்டுக் கற்கின்றன. ட்ரீம்டோனிக்ஸ் நிறுவனத்தின் சிந்தசைசர் வி இம்மாற்றத்தைப் பரவலாக்கியவற்றுள் ஒன்று. இங்கே பதிபவர் கமகத்தையும் உணர்ச்சியையும் விலக்க வேண்டியதில்லை, அவையே கற்கப்படுகின்றன. பர்த்ருஹரியின் கூற்று இதனால் மெய்ப்பிக்கப்பட்டது என்று சொல்வது மிகையாகும், ஏனெனில் இயந்திரம் கற்பது ஒலியின் ஒழுங்கை. ஸ்போடமோ பொருளை உணரும் அறிவில் இருப்பது. ஆயினும் துண்டுகளின் கூட்டல் பாட்டாகாது என்ற அவருடைய எச்சரிக்கை நடைமுறையில் வலுப்பெற்றுள்ளது.

யாருடைய பாட்டு

மூன்றாம் கேள்வி அறம் சார்ந்தது. பேச்சு எழ ‘விவட்சை’ வேண்டும் என்பது இந்திய மொழித் தத்துவத்தின் பொதுவான கொள்கை. சொல்ல விழைதல் என்பது அதன் பொருள். குரல்வங்கியில் குரல் ஒருவருடையது, விழைவு இன்னொருவருடையது. குரல் கொடுத்தவர் ‘க’ என்றும் ‘மி’ என்றும் ஒலித்தார். காதலையோ கோபத்தையோ அவர் சொல்லவில்லை.

இந்தப் பிரிவு முற்றிலும் புதியதன்று. மீமாம்சகருக்கு வேதம் அபௌருஷேயம், அதாவது ஆக்கியோன் இல்லாதது. ஓதுபவர் அதற்குக் குரல் தருகிறார், அவ்வளவே. பின்னணிப் பாடகரும் கவிஞரின் சொல்லுக்கும் நடிகரின் உருவத்துக்கும் குரல் தருகிறார். ஆனால் ஓதுபவரும் பாடகரும் எதை ஒலிக்கிறோம் என்று அறிந்தே ஒலிக்கின்றனர். மறுக்கவும் அவர்களால் முடியும். குரல்வங்கி தந்தவர் இனி எழப்போகும் எல்லாப் பாட்டுக்கும் முன்கூட்டியே குரல் தந்துவிடுகிறார். ஆகவேதான் பல வங்கிகள் பயன்பாட்டு விதிகளோடு வெளியிடப்படுகின்றன. வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா, பிறரை இழிவுபடுத்தும் பாட்டுக்கு இடமுண்டா என்பவற்றைக் குரல் தந்தவர் முன்பே வரையறுக்கிறார். பதியும் வேளையில் இல்லாத விழைவு, விதிகளின் வடிவில் மீட்கப்படுகிறது.

இறந்தவரிடம் இந்த வழியும் இல்லை. 1989இல் மறைந்த ஜப்பானியப் பாடகி ஹிபாரி மிசோராவின் குரலை யமஹாவின் தொழில்நுட்பத்தால் மீளுருவாக்கி, 2019இல் என்எச்கே தொலைக்காட்சி ஒரு புதிய பாடலை ஒலிக்கச் செய்தது. பாட்டின் இடையே ரசிகர்களை நோக்கிப் பேசும் வரிகளும் இருந்தன. கண்ணீர் விட்டுக் கேட்டவர்களும் இருந்தனர். இறந்தவரை அவமதிப்பதாகக் கண்டித்தவர்களும் இருந்தனர். தமிழில் 2024இல் ஏ.ஆர்.ரகுமான், மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ‘லால் சலாம்’ படப் பாடலில் செயற்கை நுண்ணறிவால் ஒலிக்கச் செய்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதையும் உரிய ஊதியம் அளித்ததையும் அவர் பொதுவில் தெரிவித்தார். அதே ஆண்டு யுவன் சங்கர் ராஜா, மறைந்த தம் சகோதரி பவதாரிணியின் குரலை ‘கோட்’ படப் பாடலில் பயன்படுத்தினார்.

இவற்றை மதிப்பிட, முன் கண்ட வாதங்கள் உதவுகின்றன. குரல் வெறும் ஒலிப்பொருள் என்றால், கிடைத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வரலாம். குரல் என்றுமுள்ள ஆன்மாவின் வெளிப்பாடு என்றால், மீளுருவாக்கம் எதுவாயினும் மன்னிக்க முடியாத குற்றமாகிவிடும். இரண்டும் போதா. ஒரு குரலின் ஒருமை அதை உடையவரின் நெடுநாள் பயிற்சியாலும் கவனத்தாலும் ஆக்கப்பட்டது. ஆக்கியவர் ஒருவர் உண்டு என்பதாலேயே அதன்மேல் அவருக்கு உரிமை உண்டு, பயன்படுத்துபவருக்குக் கடமை உண்டு.

அந்தக் கடமை மூன்று வகைப்படும். உயிரோடிருப்பவரிடம், எதற்குப் பயன்படும் என்று தெளிவாகச் சொல்லி இசைவு பெற வேண்டும். மறைந்தவரைப் பொறுத்தவரை, குடும்பத்தாரின் இசைவோடு நின்றுவிடாமல், அவர் வாழ்நாளில் எதைப் பாடினார், எதைப் பாட மறுத்தார் என்பதையும் எல்லையாகக் கொள்ள வேண்டும். பாட வைப்பதைவிட, அவர் பேசாததைப் பேச வைப்பது பாரமான செயல். கேட்பவரிடம், பாடுவது மனிதர் அல்லர் என்பதை மறைக்கக் கூடாது. ‘அதே குரல்’ என்று இனங்காணும் அவருடைய அறிவு ஏமாற்றப்படுவதற்கு உரியதன்று. இம்மூன்றும் நிறைவேறும் இடத்தில் குரல்வங்கி, குரல் தந்தவரின் உழைப்பை மதித்து அதைப் பிறர் பாட்டுக்குக் கொண்டுசெல்லும் நேர்மையான கருவியாகிறது. நிறைவேறாத இடத்தில் அதே துண்டுகள், எவ்வளவு சீராகப் பதிந்திருந்தாலும், ஆக்கியவரிடமிருந்து பறிக்கப்பட்ட பொருளாகின்றன.